கிழிஞ்சிருந்துச்சு, தைச்சேன்

என் மாமனாரின் கார் டேஷ்போர்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த முதல் ஆள் சீட்கவர் அக்காதான்.

"உப்பு," என்றார்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவன். உப்பாக இருக்க வாய்ப்பே இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன். விரிசலில் நான் போட்டு அடைத்திருப்பது சோடா உப்பு, அதன் மேல் நொடியில் ஒட்டுகிற பசையை விட்டால் கல்லாக இறுகும், அதற்குக் காரணம் இன்னது என்று கரும்பலகை ஒன்றுதான் குறை என்கிற அளவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு விரலை இன்னொரு தடவை தேய்த்து நாக்கில் வைத்தார்.

"உப்புதான் சார். அதுவும் கடை உப்பு இல்ல, நம்ம அளத்து உப்பு. கடைசில ஒரு கசப்பு வருது பாருங்க."

நானும் தொட்டு வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு கசப்பு வந்தது. பட்டப்பகலில், பஸ் போகிற ரோட்டோரம், ஒரு முதுகலைப் பட்டதாரி ஆசிரியர் காரை நக்கிக்கொண்டிருந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. அக்கா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து விரிசலின் இரண்டு முனையிலும் ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

திண்டிவனம் ரோடு மரக்காணத்துக்குள் வந்து கடற்கரைச் சாலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கடை இருந்தது. போர்டு கிடையாது. தகரக் கூரை, ஒரு தையல் மெஷின், சுவரோரம் சாய்த்து வைத்த ரெக்சின் சுருள்கள், வாசலில் உட்கார ஒரு பழைய வேன் சீட். கார், ஆட்டோ, டிராக்டர், மொபெட் எதன் சீட் கிழிந்தாலும் அங்கேதான் வரும். அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார். பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அறுபது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுக்கிற எனக்கு அந்த ஒரு பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அக்கா பேசாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வாய் ஓயாது. மழை வராமல் ஏமாற்றியது, வந்து உப்பைக் கரைத்தது, பாண்டி பஸ் நிறுத்தாமல் போனது, கிளியனூரில் இருக்கிற தங்கச்சியின் மாமியாருக்கு முழங்கால் வீங்கியது, எல்லாம் வரும். ஆனால் கடைக்குள் வந்த வண்டியைப் பற்றி மட்டும் ஒன்றும் வராது. யாருடையது, யார் கொண்டுவந்தது, எப்படி ஆனது என்று எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "கிழிஞ்சிருந்துச்சு, தைச்சேன்."

ஒருமுறை பெருமுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வேன் ஓனர் கோபமாக வந்து நின்றார். நான் வாசல் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா, நம்ம டிரைவர் போன வாரம் சீட்டு ஒண்ணு குடுத்துட்டுப் போனானே, அதுக்கு இன்னா ஆயிருந்துச்சு?"

"ஓட்டை இருந்துச்சு. தைச்சேன்."

"பீடி பட்ட ஓட்டையா?"

"ஓட்டைங்க."

"அதான், எப்படி இருந்துச்சு அந்த ஓட்டை?"

அக்கா மெஷினை நிறுத்தி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"ரவுண்டா இருந்துச்சு," என்றார்.

ஓனர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர் பொய்யும் சொல்லவில்லை, ஒன்றையும் சொல்லவும் இல்லை. என் சுபாவம் இதற்கு நேர் எதிர். காலையில் வீட்டில் கேட்டதை முதல் மணி அடிப்பதற்குள் ஸ்டாஃப் ரூமில் இறக்கி வைத்துவிடுவேன். அங்கே எனக்கு ரேடியோ என்று பெயர் என்பது எனக்கே தெரியும். ஏதோ ஒரு பாராட்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி அந்த விரிசலுக்கு வருகிறேன். மாமனார் உப்பளம் வைத்திருப்பவர். நானும் மனைவியும் அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறோம். அப்போது கல்யாணமாகி எட்டு வருஷம், அந்த வெள்ளைக் காரின் சாவியை அவர் ஒருவரிடமும் கொடுத்ததில்லை. கழுவக்கூட அவரேதான் வாளியைத் தூக்குவார். டேஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு நேராக ஒரு துண்டை மடித்து விரித்திருப்பார், வெயில் ஆகாது என்பார். இடது மூலையில் என் மனைவி ஒட்டி வைத்த சின்னப் பிள்ளையார் ஒன்று உண்டு. மகள் ஒட்டியது என்பதால் அதற்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவுக்குப் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன் ஆயிற்று. மூன்று வாரம் ஓட்டக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கினார்.

"மாப்ள, வண்டி நின்னே கெடந்தா கெட்டுப் போயிடும். நீங்க எடுத்துட்டுப் போங்க. அந்தத் துண்ட மட்டும் எடுக்காதீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு வருஷத்தில் அவர் என்னை மனுஷனாக மதித்துச் செய்த முதல் காரியம் அது என்று பட்டது. மறுநாள் பள்ளிக்கூட வராந்தாவில் சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே நடந்தேன். ஹெட்மாஸ்டர் எதிரில் வந்தபோதும் நிறுத்தவில்லை.

கார் ஓட்டுகிறவனுக்கு மொபைல் ஸ்டாண்டு வேண்டுமே. மரக்காணத்துக்கும் என் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரே ரோடு. அதில் எட்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். அந்த ரோட்டுக்கு மேப் பார்க்க ஒரு ஸ்டாண்டை வாங்கி டேஷ்போர்டுக்கு நடுவில் ஒட்டினேன். நாலாம் நாள் மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "இது என்ன கொம்பு? அப்பா பாத்தா திட்டுவாரு, எடுத்துடுங்க," என்றாள். கூடவே, "கிளட்சை முழுசா அமுக்கிட்டு கியர் போடுங்க," என்றும் சொன்னாள். ஓட்டத் தெரியாதவர்கள்தான் அதிகம் யோசனை சொல்வார்கள் என்று அவளுக்கு விளக்கினேன்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில், வெயிலில் வெந்துகொண்டிருந்த காருக்குள் உட்கார்ந்து ஸ்டாண்டை இழுத்தேன். வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினேன். டக் என்றது. ஸ்டாண்டு கையோடு வந்தது, டேஷ்போர்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நெகிழ்வு போய் நொறுங்கும் என்பது நானே நடத்துகிற பாடம்.

மாமா திட்டுகிறவர் இல்லை. பார்ப்பார். இதுக்குத்தான் இவ்வளவு நாளா குடுக்கல என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு சாவியை வாங்கிக்கொள்வார். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு அவர் வீட்டு மாடியில் நான் இன்னும் முப்பது வருஷம் ஏறி இறங்க வேண்டும். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற இரண்டு வாரம் இருந்தது. அதற்குள் விரிசல் மறைய வேண்டும்.

போனில் தேடினேன். ஒரு பையன் விரிசலில் சோடா உப்பைத் தூவி, மேலே பசையை விட்டு, அரை நிமிஷத்தில் சுத்தியலால் தட்டிக் காட்டினான். அதன் வேதியியல் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் முகத்தில் ஒரு புன்னகை கூட வந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் சமையலறைக்குள் போனேன். உப்பளக்காரர் வீட்டில் உப்பு டப்பாவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றிலும் மனைவி பேப்பர் ஒட்டி எழுதி வைத்திருந்தாள். 'கல் உப்பு', 'கடை உப்பு'. மூன்றாவதில் 'சோ. உப்பு'. அதை எடுத்தேன்.

அதில் எழுதியிருந்தது 'சொ. உப்பு'. சொந்த உப்பு. எங்கள் அளத்தில் வாரியதை அரைத்து வீட்டுக்கென்று எடுத்து வைத்தது. வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒரு டப்பாவும் இருக்காது, அப்படி ஒரு சுருக்கமும் இருக்காது. ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பாக எழுதிய பிள்ளைகளுக்கு எத்தனை தடவை அரை மார்க் குறைத்திருக்கிறேன் என்பதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

அடைத்த அன்று நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை கடல் காற்று பட்டதும் விரிசல் நெடுகிலும் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்து நின்றது. துடைத்தேன். அடுத்த நாளும் துளிர்த்தது. மூன்று நாள் கைக்குட்டையோடு அலைந்த பிறகு சீட்கவர் அக்கா கடைக்குக் காரை ஓட்டினேன். அங்கேதான் அவர் விரலை வைத்துப் பார்த்து "உப்பு" என்றார்.

"அக்கா, இது மாமாவுக்குத் தெரியக் கூடாது," என்றேன்.

"மொதல்ல உப்பு எறங்கணும் சார். ரெண்டு நாள் வண்டி இங்கியே இருக்கட்டும்," என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. பிறகு, "உங்க வீட்லேர்ந்து பழைய பருத்தித் துணி ஒண்ணு கொண்டாங்க. தொவைச்சுத் தொவைச்சு நைஞ்சதா இருக்கணும். புதுசுல கஞ்சி இருக்கும், பசை குடிக்காது," என்றார். அடியில் துணியைப் பசையில் நனைத்து ஒட்டினால்தான் விரிசல் மறுபடி வாயைத் திறக்காதாம்.

வீட்டில் சர்வீசுக்கு விட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, என் பழைய கட்டம் போட்ட லுங்கி ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போனேன். அக்கா அதை வெளிச்சத்தில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"இதுவும் நல்ல துணிதான்," என்றார்.

அந்த 'இதுவும்' என் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை.

டேஷ்போர்டின் மேல்மூடியை அவர் கழற்றிய வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்த ஸ்க்ரூ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவே இல்லை. தொழில் சுத்தம் என்று மெச்சிக்கொண்டேன். "இந்த வண்டிய முன்னாடி பாத்திருக்கீங்களாக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். "வெள்ளைக் காரு நெறைய வருது சார்," என்றார். மூடியைத் திருப்பிப் போடப் போகும்போது மட்டும், "எதிர்ல போயி டீ குடிச்சிட்டு வாங்க," என்று என்னை அனுப்பிவிட்டார்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி நிழலில் காய வைத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார், இனி அதைத் தாண்டி ஓடாது என்றார். அடியில் என் லுங்கி. மேலே ஏதோ கருப்பு மாவைத் தேய்த்து, அது காய்வதற்கு முன் ஒரு சொரசொரப்பான துணியை வைத்து அமுக்கி எடுத்தார். பழைய பிளாஸ்டிக்கில் இருக்கும் புள்ளி புள்ளியான தோல் அப்படியே வந்துவிட்டது. இரண்டாம் நாள் குனிந்து, நிமிர்ந்து, சாய்ந்து எல்லாம் பார்த்தேன், விரிசல் இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றிய அன்று முதலில் வீட்டுச் சுவரைப் பார்த்து, "இவ்ளோ அழுக்கா?" என்றார். அடுத்து காரில் போய் உட்கார்ந்தார். நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுக் கண்ணால் டேஷ்போர்டை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை பார்த்தார். நடுவில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து உதறி, மடிப்பைப் பிரித்து, நடுப்பகுதியும் மறைகிற மாதிரி அகலமாக விரித்தார்.

"வெயிலு ஜாஸ்தியாயிடுச்சு," என்றார். சாவியை என்னிடமே கொடுத்தார். "நீங்களும் ஓட்டுங்க மாப்ள."

தப்பித்தேன் என்று நினைத்தேன். பயம் மட்டும் போகவில்லை, அது இப்போது அக்கா பக்கம் திரும்பியது. ஊரில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர். கடையைத் தாண்டும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து ஒரு கும்பிடு போட்டேன். கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன், பள்ளிக்கூடத்துக்கு வந்த டைரியில் ஒன்றைக் கொடுத்தேன். "எதுக்கு சார்?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். மாமாவும் வருஷா வருஷம் அந்தக் கடைக்கு ஒரு மூட்டை உப்பு அனுப்புவார், "பாவம், தனியா கஷ்டப்படுது," என்பார். தீபாவளிக்கு என் மனைவி ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்தனுப்புவாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இளகிய மனசு என்று நான் பெருமைப்பட்டதுண்டு.

ஒருநாள் மாமாவும் நானும் சேர்ந்தே அங்கே போக வேண்டியதாகிவிட்டது, பின்சீட்டில் தையல் விட்டிருந்தது. அக்கா சீட்டை அளந்தபடி மழையைப் பற்றிப் பேசினார். மாமா சம்பந்தமில்லாமல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரில் அக்கா ஒருவர்தான் இயல்பாக இருந்தார்.

அவர் சொல்லாமல் இருக்க இருக்க எனக்குத்தான் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை போய்க் கேட்டே விட்டேன்.

"அக்கா, அத யார்கிட்டயும் சொல்லலியே?"

"எத சார்?"

"அதான்கா, அந்த விஷயம்."

"எந்த விஷயம் சார்?"

அவருக்கு ஞாபகப்படுத்துவதற்காக ஸ்டாண்டு, ஸ்க்ரூடிரைவர், டப்பா, ஒற்றைக்கொம்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், நடுவில் நடித்தும் காட்டினேன். முடித்துவிட்டுத் திரும்பினால் பின்னால் சீட்டு தைக்க வந்த ஆட்டோக்காரர் ஒருவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நிற்கிறார். அதன் பிறகு ஒரு மாசம் ஆட்டோ ஸ்டாண்டில் எனக்கு உப்பு சார் என்று பெயர். மாமா காது வரைக்கும் போயிருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த வரிசைக் கடைகள் எல்லாம் போய்விட்டன. அக்கா பெரிய முதலியார்சாவடிப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயர் தெரியாமல் யாரிடம் என்ன விசாரிப்பது? அங்கே ஒருமுறை போய், "சட்டை போட்ட அக்கா, சீட்டு தைப்பாங்க," என்று இரண்டு கடையில் கேட்டுவிட்டுத் திரும்பினேன். அவரைப் பார்க்காமல் திரும்பியது எனக்கு வருத்தமாக இருந்தது. பயம் தீர்ந்த பிறகுதான் அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று தெரிந்தது.

போன மாதம் காரில் ஹார்ன் நின்றுபோனது. மாமா இப்போது ஓட்டுவதில்லை, கார் என் பொறுப்பு. திண்டிவனத்தில் எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டு மேல்மூடியைக் கழற்றி, தலைகீழாகத் தரையில் வைத்துவிட்டு ஒயரைத் தேட ஆரம்பித்தார். நான் குனிந்து பார்த்தேன்.

நடுவில் என் லுங்கி, கட்டம் கட்டமாக.

அதற்கு வலது பக்கம், துண்டு இருக்கிற இடத்துக்கு நேர் அடியில், மஞ்சளாகிப் போன வெள்ளைத் துணி ஒன்று அதே மாதிரி சதுரமாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் பச்சை மயில்கண் கரை. எங்கள் வீட்டில் அந்தக் கரை வேட்டி கட்டுகிறவர் ஒருவர்தான். வெயிலுக்கு விரித்த துண்டு எதை மூடியிருந்தது என்று அப்போது புரிந்தது. தன்னுடையதை மூடிய அதே துண்டை அகலமாக விரித்துத்தான் மனுஷன் என்னுடையதையும் அன்றைக்கு மூடியிருக்கிறார்.

இடது மூலையில், பிள்ளையாருக்கு அடியில், மூன்றாவதாக ஒரு துணி. இளநீலத்தில் ஊதாப் பூ. கல்யாணமான முதல் வருஷம் நான் பாண்டியில் வாங்கிக் கொடுத்த நைட்டி. கிழிஞ்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன் என்று மூன்றாம் வருஷம் மனைவி சொன்னது. அந்த வருஷம் மாமா மாலை போட்டு மலைக்குப் போயிருந்த ஒரு வாரம் கார் வீட்டில்தான் நின்றது. அல்லது நின்றதாக நான் நினைத்தேன். அதை அக்கா கடை வரைக்கும் யார் ஓட்டிக்கொண்டு போனது? கிளட்சை முழுசா அமுக்குங்க என்று சொன்னவள் ஓட்டத் தெரியாதவள் என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தேன்?

எலக்ட்ரீஷியன் தலையைத் தூக்கி, "இன்னா சார், தனியா சிரிக்கிறீங்க?" என்றார். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், அதே கடைக்குப் போய், அதே ஆளிடம், மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். எங்கள் மூன்று பேரையும் அவர் ஒரே மூடிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஹார்ன் சரியாயிற்று. வீட்டுக்கு வரும் வழி முழுக்க இதை எப்படி ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ரேடியோவுக்கு இதைவிட நல்ல செய்தி கிடைக்கப் போவதில்லை.

கூடத்தில் மாமா நாற்காலியில் இருந்தார். மனைவி சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சாம் மாப்ள?"

"ஒயர் போயிருந்துச்சு மாமா. மாத்திட்டாங்க."

"மூடியக் கழட்டுனாங்களா?"

"கழட்டுனாங்க."

மாமா வேட்டி நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். "உள்ள இன்னா இருந்துச்சு?"

"துணி இருந்துச்சு."

"எப்படி?"

"சதுரமா இருந்துச்சு மாமா."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. குரலைத் தாழ்த்தி, "ரெண்டா?" என்றார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒத்திகை பார்த்த மொத்தமும் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அந்த மூன்றாவது சதுரத்தை அவர் முன்னால் எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு யோசித்த மாதிரி நானும் கொஞ்சம் யோசித்தேன்.

"எண்ணலை மாமா," என்றேன்.

கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அன்று மத்தியானம் என் தட்டில் மட்டும் சங்கரா மீன் ஒன்று கூடுதலாக இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.